துணைக்குச் சாப்பிட்டவள்

கல்லாவில் உட்கார்ந்திருப்பவளிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. பில்லை நீட்டும்போதே கேட்டுவிடுகிறார்கள். எப்படி இளைச்சீங்க, ஆபரேஷன் என்று சொல்கிறார்களே, வலிக்குமா, முன்னால் நல்லாத்தானே இருந்தீங்க, இப்போது முகத்தில் களையே இல்லையே. முன்னால் நான் நல்லா இருந்ததாக அப்போது யாரும் சொல்லவில்லை. ஆளுக்கொரு பதில் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தத்தையும் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். இந்த ஆபரேஷனுக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்குப் பிரயோஜனப்பட்டால் சரி.

முதலில் ஒன்று. எனக்கு இப்போது பசிப்பதில்லை. வயிறு நிறைந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. பசி என்ற ஒன்றே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன். வயிற்றில் வெட்டி எடுத்த பகுதியில்தான் பசியைக் கிளப்பும் சுரப்பு அதிகம் ஊறுமாம். சில மாதம் போனால் கொஞ்சம் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை, வராதோ என்று கவலைப்படவும் இல்லை. இளைத்தால் சந்தோஷம் தானாக வரும் என்றார்கள். அதுவும் இன்னும் வந்து சேரவில்லை.

எங்களுடையது தி.நகரில் ஒரு பாத்திரக்கடை. என் மாமனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தொடங்கியது. இப்போது சரக்கை என் வீட்டுக்காரர் கணேசன் பார்க்கிறார், கல்லாவை நான் பார்க்கிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அசோக் நகரில் வீடு, காலையில் பூட்டினால் ராத்திரிதான் திறப்போம். இருவரும் சண்டை போட்டால் கூடச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடுவோம். பேச்சு இருக்காது, ஆனால் ஒருவர் இல்லாமல் மற்றவர் தட்டைத் தொடமாட்டோம். கல்யாணமான பதினேழு வருஷத்தில் மாறாத பழக்கம் அது ஒன்றுதான்.

கடையில் பெரிய வியாபாரம் சீர் பாத்திரம்தான். கல்யாணப் பெண்ணின் வீட்டார் கும்பலாக வந்து குத்துவிளக்கிலிருந்து கரண்டி வரை எடுப்பார்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். பில் போடுவதற்கு முன் வாயை இனிப்பாக்கிக்கொள்ள வேண்டும் என்பது மாமனார் வைத்த வழக்கம். லட்டோ பால்கோவாவோ தட்டில் வரும். வந்தவர்கள் கூச்சப்படாமல் எடுக்க வேண்டுமென்றால் கடைக்காரரும் எடுத்துக்கொள்ள வேண்டும். சுமங்கலி எடுத்தால் இன்னும் விசேஷம். ஆக, பெண்ணின் அம்மா ஒன்று, நான் ஒன்று. அதற்கு முன்னால் காபி வந்திருக்கும், கூடவே ஒரு வடை. அவர்கள் தனியாகச் சாப்பிட்டால் நன்றாக இருக்காது என்று நானும் ஒரு வடை. முகூர்த்த மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கல்யாணம் எங்கள் கல்லாவைத் தாண்டிப் போகும் என்று நான் எண்ணியதில்லை.

பித்தளையும் செம்பும் நிறுத்து விற்கிற கடை. பெரிய தராசு என் நாற்காலிக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதில் நான் ஏறியதே இல்லை. ஆஸ்பத்திரியில்தான் ஏறினேன். நூற்றுப் பதினெட்டு கிலோ.

ஆஸ்பத்திரிக்குப் போனது எடைக்காக இல்லை, தூக்கத்துக்காக. ஒரு நாள், ஒரு பெண்ணின் அப்பா கொடுத்த பணத்தை எண்ணிக்கொண்டே தூங்கிப்போனேன். கையில் நோட்டுக் கட்டு அப்படியே இருந்தது. பாவம், நல்ல மனுஷர், எழுப்பினால் தப்பாகிவிடுமோ என்று நின்றுகொண்டே இருந்திருக்கிறார். கொஞ்ச நாளாகவே காலையில் தலை பாரமாக இருக்கும், உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும். மயிலாப்பூரில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் கழுத்தை ஒரு டேப்பால் அளந்துவிட்டு, அடையாறு பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே ஒரு ராத்திரி படுக்க வைத்துச் சோதனை செய்தார்கள். தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டி, மூக்கில் ஒரு குழாய் வைத்து, விரலில் ஒரு கிளிப் மாட்டித் தூங்கச் சொன்னார்கள். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து, கழுத்தைச் சுற்றியுள்ள கொழுப்பின் பாரத்தில் மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது. மூச்சு நின்றுவிடுகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கியதும் மூளை பதறி எழுப்புகிறது. எனக்குத் தெரியாமலே ராத்திரி முழுக்க இதுதான் நடக்கிறது. அதனால்தான் பகலில் தூக்கம். இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பேர். இப்படியே விட்டால் இருதயத்தின் வலது பக்கம் வீங்கும், ஒரு நாள் மூளை எழுப்ப மறந்தாலும் மறக்கும் என்று அந்த டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். என் வீட்டுக்காரர், "கொறட்ட விடுதா, நல்லாத் தூங்குதான்னுல்லா நெனச்சேன்" என்றார்.

அன்றிலிருந்து அவர் தூங்கவில்லை. என் குறட்டை நின்றால் தோளில் தட்டுவார். நான் திரும்பிப் படுப்பேன். முகமூடி போல ஒரு மிஷின் கொடுத்தார்கள், காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும். அதை மாட்டிய பிறகும் அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. எனக்குப் பயமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் பயம் எங்கோ பக்கத்து வீட்டில் நடக்கும் சத்தம் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது.

ஆபரேஷன் என்று முடிவானது எல்லாச் சோதனைகளுக்கும் பிறகு. ரத்தம், ஸ்கேன், வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோபி, மனநல டாக்டரிடம் அரை மணி நேரம். காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகளுக்குக் கை வைத்திருந்தார்கள். எடை குறைக்க வருகிறவர்கள் உட்காரும் இடத்தில் அப்படியொரு நாற்காலி போட்டவரை நான் பார்க்க ஆசைப்பட்டேன். பாதிப் பேர் சுவரோரமாக நின்றோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சர்ஜன் ஒரு தாளில் வயிற்றை வரைந்து காட்டினார். பை போல இருக்கும் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைக்காய் அளவுக்குக் குழாயாகத் தைப்பது. ஸ்லீவ் என்கிறார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை, சின்ன ஓட்டைகள் போட்டு கேமராவை விட்டுச் செய்வது. ஆனால் இரைப்பைக்கு மேலே ஈரல் கவிந்திருக்கிறது, அதைத் தூக்கிப் பிடித்தால்தான் வேலை நடக்கும். எனக்கு ஈரலில் கொழுப்பு ஏறி வீங்கியிருக்கிறது. அதைச் சுருக்க ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் பத்தியம். மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு பவுடரைக் கரைத்துக் குடிக்க வேண்டும், நடுவில் தெளிந்த சூப்பும் மோரும்.

உணவு ஆலோசகர் என்று ஒரு சின்னப் பெண். காலையில் என்ன, மத்தியானம் என்ன, ராத்திரி என்ன என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன். நொறுக்குத்தீனி உண்டா என்றாள். கிடையாது என்றேன். இனிப்பு? வீட்டில் வாங்குவதே இல்லை என்றேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. அவள் எழுதிக்கொண்டதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பத்தியத்தை இரண்டு தடவை விளக்கி அனுப்பினாள்.

அந்த இரண்டு வாரமும் வேளை தவறாமல் பவுடர் குடித்தேன். சாக்பீஸ் கரைத்த தண்ணீர் போல இருந்தது. இட்லியைத் தொடவில்லை, சோற்றைத் தொடவில்லை. இதைப் படிக்கிறவர்கள் நம்ப வேண்டும். என் மனசில் நான் கடும் விரதம் இருந்தேன்.

அதே இரண்டு வாரத்தில்தான் சொந்தக்காரர்கள் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் இவளால் சாப்பிட முடியாதே என்று எல்லோருக்கும் ஒரு பரிதாபம். வீட்டுக்காரரின் அக்கா, ஆதம்பாக்கத்து மைனி, உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கறிக்குழம்பும் வைத்துக் காத்திருந்தார். நான் பையில் பவுடர் டப்பாவோடு போனேன். முதலில் பவுடரைக் கரைத்துக் குடித்தேன், அது என் வேளை. பிறகு எல்லோரும் உட்கார்ந்தபோது நான் மட்டும் நின்றால் மற்றவர்கள் வாயில் சோறு இறங்காது என்பதால் ஒரு இலை போட்டுக்கொண்டு துணைக்கு உட்கார்ந்தேன். அப்படி ஆறு வீடு. கடையில் முகூர்த்த மாதம், லட்டுத் தட்டு வந்துகொண்டே இருந்தது. அதைப் பற்றி எனக்கு ஒரு யோசனையும் எழவில்லை. அது வியாபாரம்.

ஆபரேஷன் அன்று காலையில் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். மேலே விளக்குகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. வீட்டுக்காரர் கூடவே கதவு வரைக்கும் நடந்தார், என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மயக்க டாக்டர் என் பேரைக் கேட்டார். முத்துலட்சுமி என்று சொன்னேனா, பாதி சொன்னேனா தெரியாது.

கண் விழித்தபோது தொண்டை எரிந்தது. தோள்பட்டை வலித்தது. வயிற்றுக்குள் ஊதிய காற்று மேலே ஏறித் தோளில் வலிக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆக எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கையை வைத்துப் பார்த்தேன். மூன்று சின்னப் பிளாஸ்திரி. ஐந்து என்று சொன்னதாக ஞாபகம்.

சர்ஜன் வந்து கட்டிலோரம் நின்றார். "மேடம், ஆபரேஷன் பண்ணலை. உங்க ஈரல் வழி விடலை" என்றார். கேமராவை விட்டுப் பார்த்திருக்கிறார். ஈரல் துளியும் சுருங்கவில்லை, இரைப்பையை முழுக்க மூடிக்கொண்டு கிடந்திருக்கிறது. வெண்ணெய் மாதிரி இருந்தது, தூக்கியிருந்தால் கிழிந்து ரத்தம் நின்றிருக்காது, அதனால் மூடிவிட்டு வந்துவிட்டேன் என்றார். சொன்னதை மட்டும்தான் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். மூணு வேளையும் பவுடர்தான் டாக்டர் என்றேன். அவர் தலையாட்டினார். நம்பாதவர்கள் தலையாட்டும் விதம் எனக்குத் தெரியும். கல்லாவில் தினமும் பார்க்கிறேன்.

அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. வெறுமனே படுத்திருந்தேன். அறையைத் துடைக்க வரும் தேவி என்ற பெண் மட்டும் பேசிக்கொண்டே இருந்தாள். ஆற்றோரம் இருந்த அவள் வீட்டை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே குடியமர்த்திவிட்டார்கள், இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறாள். "இன்னாமா, உள்ள இஸ்துகினு போய் அப்டியே கொண்ணாந்து வுட்டாங்களாமே" என்றாள். ஆமாம் என்றேன். "வுடும்மா. உசுரு கீதுல்ல, அத்த பாரு" என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் துடைத்தாள். அன்றைக்கு வந்தவர்களில் அவள் பேச்சு ஒன்றுதான் காதில் ஏறியது.

மறுநாள் காலையில் உணவு ஆலோசகப் பெண் வந்தாள். இந்தத் தடவை காலை என்ன, மத்தியானம் என்ன என்று கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நேற்றுக்கு முந்தின நாள் கடை திறந்ததிலிருந்து என்னென்ன நடந்தது என்று கதையாகச் சொல்லச் சொன்னாள். வீட்டுக்காரர் ஜன்னலோரம் நின்றிருந்தார். சொல்ல ஆரம்பித்தேன். பூஜை போட்டோம், கற்கண்டு. முதல் பார்ட்டி திருவான்மியூரிலிருந்து வந்தார்கள், காபி, வடை. பில் போட்டோம், லட்டு. அடுத்த பார்ட்டி பெரிய குடும்பம், பெண்ணின் பாட்டி ரொம்பக் கூச்சப்பட்டார், அவருக்காக இரண்டு. குடோன் சரக்கு எடுத்து வந்த லாரிக்காரர் பஜ்ஜி வாங்கி வந்திருந்தார்.

சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது. நிறுத்த முடியவில்லை. அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நான் கடைசியில், "அதெல்லாம் சாப்பிட்டதுன்னு கணக்குல வருமா? துணைக்குத்தானே" என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "வயித்துக்கு யாருக்காகச் சாப்பிட்டோம்னு தெரியாது ஆன்ட்டி" என்றாள். ஒரு மாதம் கழித்து மறுபடி முயற்சி செய்யலாம், இந்தத் தடவையும் ஈரல் இறங்காவிட்டால் சர்ஜன் தொடமாட்டார், இருதயம் எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு வீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிளாஸ்கைத் திறந்தார், மூடினார். விருந்துக்கெல்லாம் சொந்தக்காரர்கள் தாங்களாகக் கூப்பிடவில்லை என்றார். எனக்குப் புரியவில்லை. ஆறு வீட்டுக்கும் அவர்தான் போன் போட்டு, முத்துவைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். கடையில் லட்டுத் தட்டை என் பக்கமாக வைக்கச் சொன்னதும் அவர்தான்.

ஏன் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இதுக்கப்புறம் நீ எங்கூட உக்காந்து சாப்பிட மாட்டேல்லா. அதான் பயம். ஆபரேஷன் நின்னு போவும்னு சத்தியமா நெனைக்கல, முத்து."

ராத்திரியெல்லாம் விழித்திருந்து நான் மூச்சு விடுகிறேனா என்று பார்ப்பவர் இவர். பகலில் இப்படிச் செய்திருக்கிறார். இரண்டும் ஒரே ஆள்தான். கத்த வேண்டும் போல இருந்திருக்க வேண்டும், ஆனால் எனக்குள் எதுவும் அசையவில்லை. "நான் செத்துப்போனா மட்டும் ஒங்ககூட உக்காந்து சாப்பிடுவேனா?" என்று கேட்டேன். குரல் கூட உயரவில்லை, பில் தொகையைச் சொல்வது போலத்தான் வந்தது. அவர் மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

செய்யாத ஆபரேஷனுக்கும் பில் உண்டு. அறை, மயக்க மருந்து, தியேட்டர், எல்லாம் உபயோகப்பட்டதுதானே. வீட்டுக்காரர் கட்டினார். அதற்கப்புறம் வீட்டுக்கு மேல் கட்டுவதாக இருந்த மாடியைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

அடுத்த மாதம் எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், இதில்தான் மற்றவர்களுக்கு உபயோகம் இருக்கிறது. கல்லாவில் லட்டுத் தட்டை நிறுத்தினோம். மாமனார் வைத்த வழக்கத்தை நிறுத்தினால் வியாபாரம் போய்விடும் என்று இருவருமே நடுங்கினோம். இனிப்பைச் சின்னப் பெட்டியில் போட்டுப் பில்லோடு கையில் கொடுத்தோம். ஒருத்தரும் கோபித்துக்கொள்ளவில்லை. பாதிப் பேர் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டார்கள். நான் இத்தனை வருஷம் யாருடைய கூச்சத்தைப் போக்கச் சாப்பிட்டேன் என்று தெரியவில்லை.

சொந்தக்காரர்கள்தான் கஷ்டம். மைனி வீட்டு விசேஷத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் எழுந்தேன். "எங்க வீட்ல கை நனைக்காமப் போறியே, நாங்க என்ன செஞ்சோம்" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். ஈரல் கதையை அங்கே விளக்க முடியாது. மூன்று வாரம் மைனி பேசவில்லை. இதைத் தாங்கிக்கொள்ள முடிந்தால்தான் இந்த ஆபரேஷனுக்குப் போக வேண்டும் என்பேன். கத்தியும் ஊசியும் இதைவிடச் சுலபம்.

வீட்டுக்காரர் மூன்று வேளையும் எனக்குப் பவுடர் கரைத்துக் கொடுத்தார். கட்டி இல்லாமல் ஆற்றி, தம்ளரில் ஊற்றி, நான் குடித்து முடிக்கும் வரை நின்றார். அவர் எப்போது சாப்பிட்டார் என்று நான் கவனிக்கவில்லை. பசி அப்போது எனக்கு நன்றாகவே இருந்தது. தி.நகர் ஓட்டல் வாசல்களில் சாம்பார் வாசனை வந்தால் கண் கலங்கும். அதை இப்போது நினைத்தால் வேறு யாருக்கோ நடந்தது போல இருக்கிறது.

இரண்டாம் தடவை கண் விழித்தபோது ஐந்து பிளாஸ்திரி இருந்தன. ஈரல் நன்றாக இறங்கியிருந்தது, தொட்டதும் தூக்க முடிந்தது என்று சர்ஜன் சொன்னார். அன்று மாலையே எழுப்பி நடக்க விட்டார்கள். காலில் ரத்தம் உறைந்துவிடக் கூடாதென்று இறுக்கமான காலுறை, வயிற்றில் ஊசி. மறுநாள் ஒரு மருந்துத் தண்ணீரைக் குடிக்க வைத்து எக்ஸ்ரேயில் பார்த்தார்கள், தையல் எங்கேயும் ஒழுகுகிறதா என்று. ஒழுகினால் ஆபத்து, உள்ளே சீழ் வைக்கும். ஒழுகவில்லை. இருமல் மருந்து ஊற்றும் மூடி அளவுக்குத் தண்ணீர் கொடுத்து, அதைக் கால் மணி நேரமாக உறிஞ்சச் சொன்னார்கள். இரண்டு வாய்க்கு மேல் போனால் நெஞ்சில் கல் வைத்த மாதிரி அடைத்தது.

தேவி எட்டிப் பார்த்து, "இந்த தபா பண்ட்டாங்களா" என்று கேட்டாள். பண்ணிட்டாங்க என்றேன். மைனி வந்தார். பேசவில்லையே தவிர, தலை வாரிப் பின்னி, துவைத்து மடித்த நைட்டியை மாட்டிவிட்டார். சாப்பிட என்ன கொண்டு வருவது என்று தெரியாமல் வெறும் கையோடு வந்ததுதான் அவருக்குப் பெரிய வேதனையாக இருந்திருக்கும். அவர் வெறும் கையோடு எங்கேயும் போய் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து முதலில் தெளிந்த தண்ணீர் வகை, பிறகு பருப்புத் தண்ணீர், பிறகு மசித்த கஞ்சி. சின்னக் கிண்ணம், சின்ன ஸ்பூன். எடை இறங்கியது. மூச்சு நிற்பது குறைந்தது. மிஷினை இனிமேல் எடுத்துவிடலாமா என்று பார்க்க இன்னொரு ராத்திரிச் சோதனை செய்ய வேண்டும் என்றார்கள். எல்லாம் நல்ல செய்திதான். கேட்டுக்கொண்டேன். பசி போனதும் நாளில் பெரிய பெரிய வெற்றிடங்கள் வந்தன. பதினோரு மணிக்கு என்ன செய்வது, நான்கு மணிக்கு என்ன செய்வது. அந்த நேரங்களில் நான் இதுவரை சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்காரர் என் கண்ணெதிரே சாப்பிடுவதை நிறுத்திவிட்டிருந்தார். கடையிலேயே ஆயிற்று என்பார். வழியில் ஓட்டலில் முடித்துவிட்டேன் என்பார். நானும் கேட்டுக்கொள்வேன். அவர் சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தது. நான் இளைப்பதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், நானும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுக்களைக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். அவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, சோற்றுச் சட்டியிலேயே குழம்பை ஊற்றிப் பிசைந்து, அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். வாயில் இருந்ததை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றார்.

இது என்ன திருட்டுத்தனம் என்று கேட்டேன்.

"ஒன் முன்னால வச்சு எப்படித் திங்க, முத்து" என்றார்.

"எனக்குப் பசிக்கல. நெசமாவே பசிக்கல. ஒங்களுக்குப் பசிக்குதுல்லா. வந்து உக்காருங்க."

மேஜையைத் துடைத்துத் தட்டு வைத்தேன். சோறு போட்டுக் குழம்பு ஊற்றினேன், நேற்றைய அவரைக்காய்ப் பொரியல் இருந்தது, அதையும் வைத்தேன். எப்போதும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காருவோம். அன்றைக்கு எனக்குத் தட்டு இல்லாததால் எதிரே உட்கார்ந்தேன். கையில் செய்ய ஒன்றும் இல்லை. அதனால் அவரைப் பார்த்தேன்.

பிசைந்தார். ஒரு வாய் எடுத்தார். வாயருகே கொண்டு போனவர், அதைப் போடாமல், பக்கத்தில் வழக்கமாக என் தட்டு இருக்கும் இடத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. பிறகுதான் சாப்பிட்டார். அடுத்த வாய்க்கும் அதே மாதிரி பார்த்தார். தட்டில் இருக்கிறதா, இன்னும் வேண்டுமா என்று பார்க்கும் பார்வை. அவருக்கே தெரியாமல் கண் போகிறது. பதினேழு வருஷமாக ஒவ்வொரு வாய்க்கும் இப்படிப் பார்த்திருக்கிறார். அந்த நேரமெல்லாம் நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் வராத அழுகை அப்போது வந்தது. அவர் கையை நிறுத்திவிட்டார். சாப்பிடுங்க என்றேன். சாப்பிட்டார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், ரசத்துக்குச் சோறு போட்டேன்.